சாக்குக்குக் கழிவு

சண்முகவடிவுக்குப் பிள்ளைமடுவத்தில், அதுதான் மலைக்கு வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலை வேண்டும். கூடைக் கயிறு தலையை இழுத்து இழுத்து அவள் கழுத்து போய்விட்டது. அதோடு சின்னப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். நோர்வூட் பக்கத்தில் அவள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே அந்த இடம் காலியாகப் போகிறது. ஆனால் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணுமாம். மற்றப் பாடங்களில் அந்தக் காலத்திலேயே கரையேறிவிட்டாள். விஞ்ஞானம்தான் காலை வாரிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நிலக்ஷி வகுப்பு எடுத்தாள். அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கியவள், வடிவைவிட எவ்வளவோ இளையவள். வகுப்பில் பாதிப் பேர் கொழுந்து பறிக்கிற பெண்கள். பஸ்காரன் பிரேக் போட்டதும் முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொள்கிறோமே, அதற்குச் சடத்துவம்தான் காரணம் என்று நிலக்ஷி சொன்னபோது வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். பேர் தெரியாமலேயே இத்தனை வருஷம் ஹட்டன் பஸ்ஸில் மூக்கை உடைத்துக்கொண்டோமே என்று. விசை, இயக்கம் எல்லாம் மளமளவென்று ஏறியது. அட, இவ்வளவுதானா என்று தோன்றியது அவளுக்கு.

அப்புறம் வந்தது வகுப்பிலேயே ஒரு பரீட்சை. இருபது கிலோ கொழுந்தை விற்றராசில், அந்தச் சுருள்கம்பித் தராசில், தொங்கவிட்டால் தராசு எத்தனை கிலோ காட்டும் என்று ஒரு கேள்வி. வடிவு யோசிக்கவே இல்லை. பதினெட்டு என்று எழுதினாள். சிவப்புப் பேனாவால் பிழை போட்டு வந்தது.

கணக்குப் பிழைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நாள் தவறாமல் கொழுந்தை நிறுக்கக் கொடுக்கிறவள் கொழுந்துக் கேள்வியிலேயே விழுந்தால் வெட்கமாக இருக்காதா? தன் மண்டையில் களிமண்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை.

நிலக்ஷி விடுவாளா? விற்றராசைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டாள். பதினெட்டு எப்படி வந்தது என்று கேட்டாள்.

"சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிப்பாங்கல்ல டீச்சர்?"

 நிலக்ஷியும் கொழுந்து பறிக்கிறவள் வயிற்றில் பிறந்தவள்தான். கொழுந்து பறிக்கிற அத்தனை பேரும் பதினெட்டு என்றுதான் எழுதியிருந்தார்கள் என்று மெல்லச் சொன்னாள். பிறகு ஒரு பை அரிசியைத் தராசில் மாட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டாள்.

"கழிக்கிறது மனுசங்கக்கா. பூமி கழிக்காது. இருபது கிலோன்னா இருநூறு நியூட்டன் இழுக்கும். கணக்கப்பிள்ளை பாத்தாலும் தொர பாத்தாலும் அதே இழுப்புத்தான்."

வடிவு பையைக் கழற்றினாள். முள் சைபருக்குப் போனது. மாட்டினாள். பழைய இடத்துக்கே வந்து நின்றது. திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தலையில் சுமந்ததில் சம்பளமில்லாமல் கழிந்துபோன கிலோக்களை நினைக்க ஆத்திரமாக வந்தது. அந்த எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் வந்ததே, அதை என்னவென்று சொல்ல! தன் மண்டையில் கோளாறே இல்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, விட்டுப்போன பாடத்தை இப்பவே சொல்லித்தரச் சொன்னாள்.

விஞ்ஞானம் பாஸ். வேலையும் கிடைத்தது.

பிள்ளைமடுவத்தில் மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுப்பார்கள். முதல் தடவை வடிவு வெறும் தூளித்துணியைத் தராசில் மாட்டி, திருகைத் திருப்பி முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்தாள். அப்புறம்தான் அம்மாக்கண்ணுவின் கைக்குழந்தையை வாங்கித் துணியில் கிடத்தினாள். அம்மாக்கண்ணு மலையிலிருந்து கூடையும் கையுமாக ஓடி வந்தவள். மகன் தேறியிருக்கிறானா என்று அவளுக்கு ஒரே கவலை.

"துணிக்கு எவ்வளவுக்கா கழிப்பீங்க?" என்றாள், தயங்கித் தயங்கி.

வடிவு அவளைக் கிட்டக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினாள்.

"துணியை முன்னாடியே பாத்தாச்சு புள்ள. இப்ப முள்ளு காட்டுறது முழுக்க ஒம் மகன்தான்."

ஆறு கிலோ இருநூறு. அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே எழுதினாள்.