வலது கால் குரூப்

ஒரு மழைக்காலக் காலையில் கம்பெனி வண்டியைத் தவறவிட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஹிஞ்சேவாடியில் இருக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பாதி வழியில் சேற்றில் சக்கரம் வழுக்கியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முகம் தெரியாத இருவர் என்னைத் தூக்கி ஓர் ஆட்டோவில் வைத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை.

அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. மனைவிக்குச் சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, காலை ஏழு மணி ஷிப்ட். இருவரின் பெற்றோரும் கோயம்புத்தூரில்; பயணம் செய்யும் உடல்நிலையில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் சென்னைக்காரப் பெண் பக்கத்திலேயே நின்றபடி போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார். அவசரத்தில் அதற்கு 'வலது கால்' என்று பெயர் வைத்துவிட்டார். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எங்களைச் சேர்க்காமல் பதினோரு பேர். பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் மராட்டிக்காரர்கள். திங்கள் சமையல் யார் வீட்டில், மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது யார், துவைக்கத் துணி எடுத்துப் போவது யார் என்று தமிழும் இந்தியும் ஆங்கில எழுத்துகளில் கலந்து ஓடின. பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை என்னைக் கூட்டிப்போனவர் கட்கியில் இருக்கும் ஒரு பெரியவர். மனைவியோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய வேனின் பின்சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் போய் வந்தேன். ஒரு நாளும் அவர் தாமதமாக வந்ததில்லை.

ஜனவரியில் கைத்தடியை விட்டேன். கால் சரியாகிவிட்டது. குரூப் மட்டும் நிற்கவில்லை.

காலை வணக்கம், மஞ்சள் வைத்தியம், தேர்தல் வீடியோ, யாரோ விற்கும் சோபா, அதற்குக் கீழே மறுபடி காலை வணக்கம். அந்தச் சமயத்தில் நான் என் போனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு உட்கார்ந்து ஏழு குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். கல்லூரி நண்பர்கள், பார்க்கிங் தகராறு, எப்போதோ போன அலுவலகச் சுற்றுலா. எதற்கும் மனம் உறுத்தவில்லை. 'வலது கால்' வந்தபோது விரல் நின்றுவிட்டது. என் காலுக்காக ஆரம்பித்த குரூப். இவர்கள் போட்ட சோற்றைத்தான் மூன்று மாதம் தின்றேன். 'வெளியேறினார்' என்று என் பெயருக்குப் பக்கத்தில் விழுவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. கட்கிப் பெரியவர்தான் அதிகம் அனுப்புவார், எல்லாம் தமிழில் எழுதிய படங்கள். நான் அலுவலகத்துக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எரியும் குத்துவிளக்கு, ரோஜா மாலை, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. மனைவிக்கு முகம் வாடிவிட்டது. ஏதோ கைதவறியிருக்கும் என்றேன். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வயதானவர், உதவி செய்தவர், எப்படிக் கேட்பது?

மார்ச்சில் ஒரு நாள் மனைவியிடம் என் தயக்கத்தைச் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனாத்தானுங்க தப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வந்துரலாம். அப்புறம் தாராளமா வெளிய வாங்க."

அப்போதுதான் உறைத்தது. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததோடு சரி, நாங்கள் யார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்ததே இல்லை.

எல்லா வீட்டுக்கும் போய்வர இரண்டு ஞாயிறு ஆனது. கீழ்த்தளத்து மராட்டி அம்மா புதன்கிழமைகளில் எங்களுக்குப் பருப்பும் சோறும் அனுப்பியவர். முதல் தடவை பருப்பு இனிக்கிறது என்று நான் மனைவியிடம் முனகியிருந்தேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. அதன் பிறகு அவர் வீட்டில் புதன்கிழமைப் பருப்பில் வெல்லம் போடுவதையே நிறுத்திவிட்டாராம். மூன்று மாதம் அவர் கணவரும் பிள்ளைகளும் எனக்காக வெல்லமில்லாத பருப்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் கணவர்தான் இதைச் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார். மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் கட்கிக்குப் போனோம். சந்துக்குள் இரண்டு அறை வீடு. வீட்டம்மா சாய் போட்டுக் கொடுத்தார். நன்றி சொல்ல ஆரம்பித்ததுமே பெரியவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டு, போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல என்னா எழுதியிருக்கு, படிச்சிச் சொல்லு."

ஏதோ மூலிகைக் குறிப்பு. படித்துக் காட்டினேன். கண்ணாடியை மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

"எனக்குத் தமிழ் படிக்க வராது தம்பி. அப்பா காலத்துலயே வேலூர்லருந்து இங்க வந்துட்டோம். ஸ்கூல்ல மராட்டிதான். நீங்கல்லாம் ஊரு விட்டு வந்தவங்க, தமிழ்ல வந்தா குஷி ஆவும்னு, எங்க தமிழு பாத்தாலும் அனுப்பிடுவேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் நாளைக்கு வேறு யார் வீட்டுக்காவது அதே படம் போகும். குரூப்பில் தேடி அந்த விளக்கும் மாலையும் இருந்த படத்தை எடுத்து, இது செத்தவர்களுக்குப் போடுவது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"விளக்கு இருந்துச்சி. பூவு இருந்துச்சி. நல்ல நாளைக்கு நல்லதுன்னுதான் அனுப்புனேன்" என்றார். பிறகு கேட்டார்: "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி? இத்தன நாளு மனசுல வெச்சினு இருந்தியா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டது நான். அவர் முகம் தெளிந்தது. சிரிப்பு தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பையனுக்கு நான் ரெண்டு வாட்டி காரியம் பண்ணிட்டேன் என்று இந்தியில் சொன்னார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் குரூப்பிலிருந்து வெளியே போக நினைப்பதைச் சொன்னேன்.

"வெளிய போவ முடியுமா அதுலருந்து?" என்றார் அவர். "எப்பிடின்னு காட்டு. நாள் பூரா டிங் டிங்னு அடிக்குது, தூங்க முடியல."

எந்த இடத்தில் அழுத்துவது என்று காட்டினேன். எனக்கு முன்னால் அவர் வெளியேறிவிட்டார்.

நான் வேனில் திரும்பும்போது (அன்றும் அவர்தான் கொண்டுவந்து விட்டார்) நாலு வரி எழுதினேன். என் கால் உங்களால் நடக்கிறது, எல்லாரையும் நேரில் பார்த்துவிட்டேன், இனி கதவைத் தட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று. அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் மனைவியும் வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர் ஃப்ளாட்டுப் பெண் கதவைத் தட்டினார். கோபமாக இருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

"அப்பாடா, போனீங்களாண்ணா" என்றார். "உங்க கால் பேர்ல இருக்கற குரூப்பு. நீங்க இருக்கும்போது நாங்க எப்படிப் போறது? எல்லாரும் நீங்க எப்பக் கிளம்புவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தோம்."

அன்று மாலைக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியாக மிஞ்சிய அவரே குரூப்பை அழித்துவிட்டார்.

சித்திரை பிறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். எங்கள் வீட்டில் நாற்காலிகள் போதவில்லை; பாயை விரித்தோம். மூன்று மாதம் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்து எங்களைத் தாங்கியவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை ரசம் நீங்களா, பஸ் ஸ்டாப்புக்குப் போனது நீங்களா என்று விசாரித்துக்கொண்டார்கள். கட்கிப் பெரியவரும் கீழ்த்தளத்து அம்மாவின் கணவரும் மராட்டியில் பேச ஆரம்பித்தவர்கள், இலை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து பரிமாறிக்கொண்டு போனேன். நடுவில் கால் வலிக்கிறதா என்று மகள் கேட்டாள். வலிக்கவில்லை. இன்னும் யாருக்குப் பாயசம் வேண்டும் என்று கேட்டு வரச் சொன்னேன்.