லிவர் ரைஃபிள் திரும்பி வந்த வருஷம்

அல் ஐனில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். முன்பக்கம் கூடாரம், தண்ணீர்க் கேன், ராஜாளிக்கு மாட்டுகிற தோல் தொப்பி. பின்பக்கம், கம்பிக் கதவுக்கு உள்ளே, துப்பாக்கிக் கவுண்டர். போலீஸ் பெர்மிட்டில் அந்தக் கவுண்டருக்கு ஒரே ஒரு ஆள் பெயர்தான் இருக்கும். அது என் பெயர். ஊரில், கீழக்கரையில், பொட்டு வெடித் துப்பாக்கிக்கு மேல் எதையும் தொட்டுப் பார்க்காதவன் நான். கம்பிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் போவேன். மறைப்பானேன்?

கவுண்டரில் என் செல்லம் ஒரு அமெரிக்க ரைஃபிள். பழைய கௌபாய் படங்களில் குதிரைமேல் உட்கார்ந்து ஒருத்தன் துப்பாக்கிக்கு அடியில் இருக்கிற வளையத்தைப் பிடித்துக் கீழேயும் மேலேயும் ஆட்டுவானே, அதுதான். அந்த லிவரை ஒரு தரம் தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாக்கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அரபிகள் அதைத் தேடி வருவார்கள். திடீரென்று ஒரு வருஷம் அமெரிக்காவில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கேட்டு வந்தவர்களிடம் "கலாஸ், கம்பெனியே முடிந்துவிட்டது" என்று கைவிரிக்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது.

கொஞ்ச வருஷம் கழித்து அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, ஒரு கேட்லாக்கைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். வேறொரு கம்பெனி அந்தப் பெயரை வாங்கிவிட்டதாம். அதே ரைஃபிள் மறுபடி வருகிறதாம். நான் கேட்லாக்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அர்பாப், புது ரைஃபிளைக் கவனித்துக்கொள்ள ஒரு புது ஆள் வருவதாகச் சொன்னார்.

வந்தவன் எங்கள் ஊர்க்காரன். இருபத்தேழு வயது. டிப்ளமா படித்தவன், துபாயில் அல் குசைஸ் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் இருந்தவன். ஆறு மாசம் சோதனைக்கு என்று எடுத்திருந்தார். புது ரைஃபிள் விற்றால் அவன் நிரந்தரம், பெர்மிட்டில் அவன் பெயர், நான் முன்பக்கம் கூடாரம் விற்கப் போகவேண்டும். விற்கவில்லையென்றால் அவன் ஊருக்கு. இதை அர்பாப் என் முகத்துக்கு நேரே, எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி சொன்னார். முன்னால் ஏசி நன்றாக வரும், உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்றார். நாசமாய்ப் போன ஏசி!

அவனைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ரூமிலேயே தங்கினான், என் கட்டிலுக்கு மேல் கட்டில். அவன் வைத்த மீன் ஆணத்தை, அந்தக் குழம்பைத் தின்றுவிட்டு, ரூமில் இருந்த அத்தனை பயல்களும் ஒரே வாரத்தில் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த அரபி சாமான் விற்க மட்டும்தான் போதும். அவன் அரபியில் ஜோக் அடிப்பான், வாடிக்கையாளர் தொடையில் தட்டிச் சிரிப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதற்கெடுத்தாலும் "காக்கா, காக்கா" என்று, எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவது போல, அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவான். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மேலே கட்டிலில் அவன் குறட்டை விடுவானா என்றுகூடக் காத்திருந்தேன். பாவி, அதுவும் விடமாட்டான்.

எங்கள் ரூமில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டதென்று தெரியாது, நான் போகும் முன்பே இருந்தது. அரபி முன்னால் நம் ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு பெரிய சண்டையானாலும் ரூமுக்கு வந்து வைத்துக்கொள்ளவேண்டும். அந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

பெட்டி வந்தது. பன்னிரண்டு ரைஃபிள். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை அவன் இரண்டு தரம் படித்துவிட்டு, "காக்கா, சில விஷயம் மாத்தியிருக்காங்க, ஒரு தடவை பாத்துருங்க" என்று என்னிடம் நீட்டினான். நான் வாங்கி டிராயரில் போட்டேன். பதினான்கு வருஷம் புத்தகம் படித்தா விற்றேன்?

அடுத்த நாள் காலை, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். கம்பெனி மூடின நாளிலிருந்து மாசம் ஒரு தரம் வந்து விசாரித்துப் போனவர். அவர் வாங்கினால் அவர் சொந்தபந்தம் முழுக்க வாங்கும், பன்னிரண்டும் போய்விடும். அது அர்பாபுக்கும் தெரியும், அதனால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எடுத்துக் காட்டவேண்டியது புது ஆள்தான். நான்தான் குறுக்கே புகுந்து ரைஃபிளைக் கையில் எடுத்தேன்.

லிவரைத் தள்ளி இழுத்தேன். ஹேமர், அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தி, பின்னால் போய் நின்றது. பழைய ரைஃபிளில் அதைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டால் பாதி வழியில் டக்கென்று நிற்கும். தப்பித் தவறி வெடிக்காமல் இருக்க அதுதான் பூட்டு. புது ரைஃபிளில் நிற்கவில்லை. நேரே போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தரம் செய்தேன். அப்போதும் நிற்கவில்லை.

எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. ஆமாம், சந்தோஷம்தான். பூட்டே இல்லை, புதுக் கம்பெனிக்காரன் பெயரை மட்டும் வாங்கிவிட்டு ஏமாற்றுகிறான், இதை ஜீப்பில் வைத்துக்கொண்டு போனால் ஆபத்து என்று படபடவென்று சொன்னேன். பெரியவர் முகம் வாடிவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கட்டை விரல் ஹேமருக்குப் பின்னால் நகர்ந்தது. அங்கே ஒரு பொத்தான். முன்னும் பின்னும் தள்ளுகிற பொத்தான், எங்கள் கவுண்டரில் இருக்கிற இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இருப்பது மாதிரியே. பூட்டு இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் விரலை எடுக்கவில்லை. பொத்தான் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டேன்.

அர்பாப் அவன் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரியா என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தான். பிறகு அரபியில், அந்த நல்ல அரபியில், "இவர் என்னைவிட மூத்தவர். இவருக்குத் தெரியும்" என்றான்.

பெரியவர் எழுந்து போனார். அவர் வாய்ச்சொல் ஊர் முழுக்கப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு ரைஃபிளும் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போயின. ஆறு மாசம் முடிவதற்குக் காத்திருக்காமல் அர்பாப் அவன் விசாவைக் கேன்சல் செய்தார். என் பெயரில் பெர்மிட்டைப் புதுப்பித்தார்கள். அது கைக்கு வந்த பிறகாவது எரிச்சல் அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த விரலைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன். அவனால் எப்படிச் சும்மா நிற்க முடிந்தது? அதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டானே என்று புழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தனியாகக் கட்ட முடியவில்லை. முடிச்சு நழுவாமல் நான் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீ ஏன்டா சொல்லலை?"

"அரபி முன்னாடி எப்படி காக்கா சொல்றது?" என்றான். கயிற்றை இறுக்கினான். "ரூமுக்கு வந்து யோசிச்சுப் பாத்துட்டு, மறுநாள் அர்பாப்கிட்ட நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். பெட்டி திரும்பிப் போற வரைக்கும் நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்கு சரியாகியிருக்கும்.

அவனுக்கு ஃப்ளைட் சனிக்கிழமை சாயங்காலம். அன்று காலை அர்பாப் கடைக்கு வந்தார். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் சுலைமானி, அதாவது பால் ஊற்றாத டீ, குடித்தார். வேறு யாரும் இல்லை. அந்தப் பையன் நல்லவன், அவனைப் போகச் சொன்னதில் தனக்கே வருத்தம்தான் என்று அவராகவே பேச்சை எடுத்தார்.

நான் அவருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன்.