கரிப்பொட்டு வைத்த பத்து பாபின்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்த பாபின் பட்டறையில் நான் ஃபிட்டர். நூல் மில்களுக்கு, நூல் சுற்றும் பாபின்களை மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்து கொடுப்போம். மில்லுக்குள் இருக்கும் ஈரக் காற்றில் அவை ஊதிப்போய், மாட்டிச் சுழற்றும் இரும்புக் கம்பியான ஸ்பிண்டிலில் சிக்கிக்கொள்ளும். மரத்துக்குள் ரெசின் என்ற பிசினை ஏற்றினால் ஊதாது என்று எங்கோ படித்துவிட்டு, முதலாளியை நச்சரித்து வேக்குவம் டாங்க் வாங்க வைத்தவன் நான்தான். அறுபதுகளின் தொடக்கம் அது.

வேலை எளிது. பாபின்களைத் தட்டுகளில் அடுக்கி டாங்கில் வைத்து மூடியை இறுக்கி, பம்பை ஓட்டி மரத்திலுள்ள காற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு வால்வைத் திறந்து ரெசினை விட்டால், காற்று இருந்த இடத்தில் அது போய் உட்காரும். சூட்டறையில் வைத்தால் இறுகிவிடும்.

முதல் லோடு, ஊதிச் சிக்குகிறது என்று மில்லிலிருந்து அப்படியே மூட்டையாகத் திரும்பி வந்தது. முதலாளி ஒன்றை என் கண்முன்னே அறுத்தார். ரெசின் ஏறிய மேல்தோல் மட்டும் பழுப்பு.

"என்னவே இது, உள்ள பூரா வெள்ளையா கிடக்கு?"

மில்காரர்கள் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் தவறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. பம்பை மூன்று முறை கழற்றிப் பூட்டினேன். மூடியின் ரப்பர் வாஷரை மாற்றினேன். டாங்கின் மீட்டர் முள் சரியான இடத்தில்தான் நின்றது.

மரம் அடுக்கும் இசக்கியம்மாள் வந்து, கட்டையில் ஈரம் இருக்கிறது என்றாள். ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கிருந்த எரிச்சலில், அடுக்குகிற வேலையை மட்டும் பார் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டேன். அவள் மரம் அடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த லோடு சூட்டறையிலிருந்து வந்ததும் நான்கை அறுத்தேன். மூன்று வெள்ளை. நான்காவது நடுமையம் வரை கரும்பழுப்பு. அதன் அடியில் கரியால் ஒரு பொட்டு. தேடியதில் பொட்டு வைத்தவை இன்னும் ஒன்பது கிடைத்தன. அறுத்துப் பார்த்தால் ஒன்றுவிடாமல் எல்லாம் உள்வரை பழுப்பு.

யார் வைத்தது என்று கேட்டேன். இசக்கியம்மாள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நான்தான் அண்ணாச்சி. சூட்டறை மேல பத்து நாளு காய வச்சு, உங்க தட்டுல கலந்துவிட்டேன். சொன்னா கேக்க மாட்டீய." பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஏற்கெனவே தண்ணி குடிச்சிருக்க கட்டை, வேற எதைக் குடிக்கும்?"

அன்று அத்தனை பேர் முன்பும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சூட்டறைக்கு மேலேயே பரண் கட்டினோம். தினமும் பாபின்களை எடை போட்டாள். எடை இறங்குவது நின்ற பிறகே டாங்குக்கு அனுப்பினாள். மில்லின் மாஸ்டர் எங்கள் பாபினை மூன்று நாள் வாளித் தண்ணீரில் போட்டுவைத்து, எடுத்து ஸ்பிண்டிலில் மாட்டினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது, இழுத்ததும் வந்தது. மாதம் எத்தனை தர முடியும் என்று மட்டும் கேட்டார். உலர்த்தும் பகுதி முழுவதையும் முதலாளி இசக்கியம்மாள் பொறுப்பில் விட்டார்.

இப்போது மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டர் மெஷினைப் பற்றித்தான் சொல்லும். மரத்தைப் பற்றி, அதைத் தினமும் கையில் தூக்குகிறவரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் ஒரு லோடைப் பாழாக்கினேன்.