பாதி மாத்திரை

காப்பி எஸ்டேட்டில் என்னையும் மச்சானையும் ஒரே வாரத்தில்தான் உண்ணி கடித்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இருவர் காலிலும் வட்டமாகச் சிவந்து, பிறகு மறைந்தது. கடலூருக்குத் திரும்பியபின் அவனுக்கு ஒரு காய்ச்சலோடு போயிற்று. எனக்கு முட்டி வீங்கிப் படி ஏற முடியவில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டு, கால் இருக்கிற தைரியத்தில் ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். கால் போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா, உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம் என்று இருவர் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வந்தது. ஓடியாடித் திரிகிற மச்சானுக்கு இருக்கிறது. நொண்டுகிற எனக்கு இல்லை.

“அது எப்படிங்க மேடம்?”

“இந்த டெஸ்ட் கிருமியப் பாக்கறதில்லப்பா. கிருமிய எதிர்த்து உடம்பு செய்யற ஆன்டிபாடியத்தான் பாக்கும். சிலருக்கு அது ஜாஸ்தி, சிலருக்குக் கம்மி. பொறப்புலயே வர்ற அமைப்பும் அதுக்கு ஒரு காரணம். உனக்கு நோயே வேறயாவும் இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துட்டு மருந்து தரேன்.”

மாத்திரை மச்சானுக்கு மட்டும் கிடைத்தது. பேருந்தில் அவனுக்கு ஒரே சிரிப்பு. “உன் ரத்தமும் உன்னாட்டமே சோம்பேறி மாமா. உனக்குப் பதிலா நான் கைய நீட்டியிருக்கணும்.”

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கியதும் மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தான். எஸ்டேட்டில் பீடி, சோறு, போர்வை எல்லாமே எங்களுக்குள் பங்குதான். மாத்திரையையும் அப்படியே நினைத்துவிட்டோம். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது.

அடுத்த தடவையும் என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பங்கு போட்ட விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டார்.

“மருந்து உள்ள போனா ஆன்டிபாடி வராமலே போவலாம்ப்பா. இனிமே இந்த டெஸ்ட்ட வெச்சு நான் என்னத்தச் சொல்றது?”

என் ரத்தம் பிறப்பிலேயே இப்படியா, பாதி மாத்திரை செய்த வேலையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார், உண்ணி கடித்த கதையை மறுபடி கேட்டார், எனக்கென்று முழு மாத்திரை எழுதினார். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வாசலில் மச்சான் நின்றிருந்தான். “நான் தின்னது பாதிதான மாமா. உன்னுதுல பாதி குடேன்.”

“ஒரு மாத்திரகூட தரமாட்டேன். உள்ள போயி, உன் பங்கு திட்ட நீயே வாங்கிக்கினு வா.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான். நான் வீங்கிய காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது.