முதல் தாள்

கோப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் ஓர் அலுமாரியும் வாங்கிப் போட்டு நான் கடை திறந்தபோது என் துரை வாய்விட்டுச் சிரித்தார். கூட்டாகத் தொழில் செய்கிறவர்களுக்குக் கம்பனி பதிந்து கொடுப்பதும், வருடா வருடம் அவர்கள் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய பத்திரங்களை எழுதிக் கொடுப்பதும்தான் இனி என் பிழைப்பு என்று சொல்லியிருந்தேன்.

"கோப்பி பழுக்குற வரைக்கும் இங்க தோட்டத்துல ஒன் கதிரை காலியா கெடக்கும். திரும்பி வா" என்றார். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. மறுபடி அவர் முன்னால் போய் நிற்கக்கூடாது என்பது ஒன்றே அன்றைக்கு என் வைராக்கியம்.

முதல் வேலை கம்பளையிலிருந்து வந்தது. அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், வண்டி மாடுகள் வைத்திருந்த கங்காணி ஒருவர், இன்னும் ஐந்து பங்காளிகள். ரயிலடிக்குக் கோப்பி ஏற்றும் வேலையைப் பதிந்த கம்பனிக்குத்தான் கொடுப்போம் என்று துரைமார் சொல்லிவிட்டார்கள். கோப்பிப் பறிப்புத் தொடங்குமுன் பதிவு முடிய வேண்டும்.

"பிந்தினா வேற ஆள் ஏத்திருவான், கணக்கப்பிள்ளை" என்றார் முதலாளி.

"பிந்தாது" என்றேன். யோசிக்காமல் அப்படிச் சொல்லிவிடுவது என் பிறவிக் குணம்.

தமிழில் ஒப்பந்தம் எழுதி, ஆங்கிலப் படியும் சேர்த்து, ஏழு பேரின் கையெழுத்தோடு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். 'முழுமையில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. நான் எழுதியதா முழுமையில்லை? கோபத்தில் இன்னும் மூன்று நிபந்தனைகளைக் கூட்டி எழுதி, மறுபடி ஏழு கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். அதுவும் அதே சொல்லோடு வந்து சேர்ந்தது. அதற்குள் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டதாகக் கங்காணி சொல்லியனுப்பினார்.

பதிவுக் கந்தோருக்கே நேரில் போனேன். பத்திரம் பார்க்கும் லிகிதர் சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கோப்பி மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் இலக்கங்களைக் கற்றிருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. என் ஒப்பந்தத்தின் உச்சியில் விரலை வைத்து, "இது ரெண்டாம் தாள். முதல் தாள் எங்க?" என்று கேட்டார்.

அவர் விரல் பிள்ளையார் சுழியின் மேல் இருந்தது. உ. தமிழ் இலக்கத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும் அதே எழுத்துத்தான்.

விளக்கிச் சொன்னேன். "சாமியோ என்னவோ, எனக்கு இது ரெண்டு. ஒண்ணு வேணும். இல்லாட்டி இத எடுத்துட்டு எழுதி வாங்க" என்றார்.

கம்பளைக்கு ஓடினேன். சுழியில்லாமல் எழுதி நீட்டியதில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கங்காணி பேனாவைத் தொடவேயில்லை.

"சுழி போடாத காயிதத்துல நான் கை வைக்க மாட்டேங்க."

"அந்தச் சுழியால எனக்கு ஒரு கரச்சலும் இல்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் முதலாளி. "ஆனா காலம் போகுதே."

ஏழில் ஒருவர் குறைந்தாலும் கம்பனி இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கோ தோட்டத்தில் துரை காலியாக வைத்திருந்த கதிரை கண்முன் வந்து நின்றது.

திரும்பி வந்திருந்த பழைய ஒப்பந்தத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அதில் சுழியும் இருந்தது, ஏழு கையெழுத்தும் இருந்தது. ஒரு வெற்றுத் தாளின் உச்சியில் 'க' என்று மட்டும் எழுதி, அதன்மேல் வைத்துத் தைத்தேன். க என்றால் ஒன்று.

மறுநாள் காலை லிகிதர் முதல் தாளைப் பார்த்தார், க. புரட்டினார், உ. "இப்ப சரி" என்று முத்திரையைக் குத்தினார். நான் வெளியே வந்து தெருவென்றும் பாராமல் சிரித்தேன்.

அந்தப் பறிப்புக்கு நான் பதிந்து கொடுத்த கம்பனியின் வண்டிகள்தான் ஓடின. ஊரில் மற்றவர்கள் சுழி போட்டு எழுதிய பத்திரங்கள் திரும்பி வரத் திரும்பி வர, ஆட்கள் என் கடையைத் தேடி வந்தார்கள். அந்த லிகிதர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரோ வெற்றுத் தாள் இல்லாத எந்தப் பத்திரத்தையும் வாங்க மறுத்தார். அதுதான் கந்தோர் வழக்கமாம்.

சில வருடம் கழித்து, தோட்டத்தைக் கம்பனியாக்க என் துரையே வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய ஆங்கிலப் பத்திரத்தின் மேல் வெற்றுத் தாளை வைத்து 'க' போட்டேன்.

"இது எதுக்கு?"

"இது இல்லாட்டி முழுமையில்லைங்க, துரை."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.