கூப்புடுகாட்டில் ஒரு கூடை கடுக்காய்

கடுக்காய்ச் சாறு பட்டால் விரல் முதலில் மஞ்சளாகும். அதே கையால் அரிவாளைத் தொட்டால் கறுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மோந்து பார்த்தால் துருவும் துவர்ப்பும் கலந்த வாசம் அடிக்கும். கல்யாணம் ஆகும்வரை என் விரல்கள் அந்த நிறத்தில்தான் இருந்தன. ஊரில் அதைக் கடுக்காய்க் கறை என்று யாரும் சொல்லவில்லை. ‘மை’ என்றார்கள். சூனியம் வைக்கிற மை.

சித்தேரி மலையடிவாரத்தில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அந்தக் காட்டுக்குப் பெயர் ‘கூப்புடுகாடு’. முன்னொரு காலத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வரும்போது வழியிலேயே வலி கண்டு, ஆள் கூப்பிட்டு, யாரும் வராமல் அங்கேயே செத்துப்போனாளாம். அவள்தான் இன்னும் கூப்பிடுகிறாள் என்பார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நமக்கு யார் மேல் உசிரோ அவர்கள் குரலில் கூப்பிடுவாள். ஆனால் இரண்டு முறைதான். “மூணாவது கூப்புட அவளுக்கு மூச்சு இல்லடி” என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் எங்கள் ஊரில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் ‘ஏன்’ என்பது. வெளியூர்த் தபால்காரர்கூட வாசலில் நின்று மூன்று முறை கத்தப் பழகியிருந்தார்.

அம்மா இந்த ஊர்க்காரி இல்லை. கர்நாடக எல்லையில் கன்னடம் பேசுகிற குடும்பம். அவள் வாழ வந்த மாதத்தில் ஊரில் மூன்று மாடுகள் செத்தன. நான் பிறந்த வருஷம் அப்பா பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தார். கடுக்காயைக் கூடை கூடையாகக் கொட்டும்போது அம்மா ‘ஒந்து, எரடு, மூரு’ என்று வாய்விட்டு எண்ணுவாள். அதை மந்திரம் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். அவள் ‘சூனியக்காரி’. நான் ‘சூனியக்காரி மவ’. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேய்க்குப் பயந்து யாரும் அந்தக் காட்டுக்குள் வராததால் கடுக்காய் முழுக்க எங்களுக்குத்தான். மாசி மாதத்தில் காலை வெயில் இலைகளுக்கு நடுவே புகைபோல இறங்கும். சருகின் மேல் காய் விழுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. எனக்கு அந்தக் காடு பிடிக்கும். அங்கே என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பதினாறு வயதில் ஒரு நாள் ஒரு வெள்ளாடு காட்டுக்குள் வந்து என் கூடையில் வாய் வைத்தது. காட்டின் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒருவன், “வெள்ளச்சீ, வந்துருடி, அப்பன் கொன்னுருவான்டி” என்று அழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஆட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் புதரிலிருந்து வெளியே வந்தேன். தலையெல்லாம் சருகு. அவன் என்னைப் பார்த்தான். அடுத்த நொடி ஆளைக் காணோம். ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

“எடுத்து வெய்யி. பயம் தெளிஞ்சா வருவான்” என்றாள் அம்மா.

மறுநாள் வந்தான். கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று, “உள்ள யாருங்க? உள்ள யாருங்க? உள்ள யாருங்க?” என்று மூச்சு விடாமல் மூன்று முறை கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் செருப்போடு போய் நின்றேன். அவன் என் காலையே பார்த்தான்.

“என்ன பாக்கற?”

“காலு தரையில படுதான்னு.”

“பாத்தாச்சா?”

“ம். பித்தவெடிப்பு இருக்குது. பேய்க்கு இருக்காது.”

அதுவரை என்னை யாரும் சிரிக்க வைத்ததில்லை. அவன் பெயர் சின்ராசு. அதற்குப் பிறகு வெள்ளச்சி தினமும் வழி தவறியது. ஆடு வந்தால் பின்னாலேயே அவன் வருவான். கல்லுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஒரு மாதம் கழித்து அவன் கல்லைத் தாண்டினான். களியும் கீரைக் கடைசலும் கொண்டு வந்தான். அம்மா அவனுக்குக் கன்னடத்தில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். ‘மந்திரம் கத்துக்கிட்டேன்’ என்று ஆட்டுக்குட்டிகளை அப்படியே எண்ணிக் காட்டுவான். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த மாசியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஓடைக்கு அப்பால் ஒரு பெரிய கடுக்காய் மரம். எங்களால் ஏற முடியாது. எங்களுக்குத் தெரியாமல் போய்க் காய்களை உலுக்கிவிட வேண்டும் என்று அவன் அன்று காலையில் தனியாக ஏறியிருக்கிறான். கிளை முறிந்தது. விழுந்ததில் தொடை எலும்பு போய்விட்டது.

நான் ஓடைக்கு இந்தப் பக்கம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடையில் அப்போதுதான் முதல் காயைப் போட்டேன்.

“மாதூ…”

என் பெயர் மாதம்மா. மாது என்று கூப்பிடுகிறவர்கள் அம்மாவும் அவனும்தான். அவன் குரல்தான் அது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் பயந்தேன். உசிரானவர்கள் குரலில்தானே அது கூப்பிடும்.

“மாதூ…”

இரண்டு. நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எல்லோரும் சூனியம் என்று விரட்டிய வீட்டில் வளர்ந்தவள், அந்தக் காட்டிலேயே நடை பழகியவள், நானும் காத்திருந்தேன். சும்மா நிற்கப் பயமாக இருந்தது. குனிந்து பொறுக்கினேன். கை பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டே இருந்தது.

வெகு தூரம் கீழே இருந்த ஓடைப் பள்ளத்திலிருந்து அம்மா ஈரப் புடவையோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“யாரோ கூப்புட்டாங்களே, காது கேக்கலியா?”

“ரெண்டு தடவதாம்மா கூப்புட்டுச்சு.”

“அதுக்கு?”

அவ்வளவுதான் கேட்டாள். நிற்காமல் ஓடையைத் தாண்டி ஓடினாள். நான் கூடையைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. பிறகுதான் ஓடினேன்.

பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தான். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனோம். அங்கே வேறு கதை நடந்துகொண்டிருந்தது. காட்டோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த அவன் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அதே குரலைக் கேட்டு, அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள். சூனியக்காரி பையனை ஏவல் வைத்துத் தள்ளிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. நாலாம் நாள் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. அம்மா ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார்கள்.

அவனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். காலில் மூங்கில் பத்தை கட்டியிருந்தது.

“சித்தப்பா, கூப்புட்டது நாந்தான்” என்றான். “நீங்க மூணு பேரும் கேட்டீங்க. ஓடுனீங்க. அறுவா மூணும் அங்கயே கெடக்குது. மொதல்ல போயி எடுத்துக்கிட்டு வாங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இவுங்க ரெண்டு பேருதான் கேட்ட ஒடனே வந்தாங்க. இல்லீன்னா செத்திருப்பேன். இவுங்களயா போகச் சொல்றீங்க?”

அதற்குமேல் யாரும் அம்மாவைப் போகச் சொல்லவில்லை. என்னை அவன் பார்த்த பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் உடனே வரவில்லையே. அதைச் சொன்னால் அவன் எனக்கு இல்லை என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தால் அந்தப் பார்வையைக் காலம் முழுக்கத் திருடித் தின்ற மாதிரி ஆகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவன் படுத்திருந்த ஆட்டுக்கொட்டகைக்குப் போனேன்.

“நான் ஒடனே வர்ல. கேட்டுட்டு நின்னேன்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு கூடை நெறையற நேரம்.”

அவன் என் கையைப் பார்த்தான். கறுப்பு விரல்களை. “என் கொரலுன்னு தெரிலியா?”

“தெரிஞ்சுது. உன் கொரலா இருந்ததாலதான் நின்னேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். “போ” என்றான். போனேன்.

பங்குனி போனது. சித்திரை போனது. வெள்ளச்சிகூட வரவில்லை. காட்டில் காயும் முடிந்துவிட்டது. நான் சும்மா போய் எல்லைக் கல் மேல் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

வைகாசியில் ஒரு நாள் நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஆடு கத்தியது. கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து அவன் வந்துகொண்டிருந்தான். பின்னால் வெள்ளச்சியும் அதன் இரண்டு குட்டிகளும். அவன் தோளில் சுருட்டிய பாய்.

“எதுக்கு வந்த?” என்று அம்மா கேட்டாள்.

“ஆடு மேய்க்க.”

“ஊருல புல்லு இல்லியா?”

“இருக்குதுங்க அத்தை.”

‘அத்தை’ என்றதும் அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் சிரிப்பது வெளியே கேட்டது. நான் விளக்குமாற்றைக் கீழே போடாமல் நின்றுகொண்டே இருந்தேன். “பாயை எங்க போடறது?” என்று மட்டும் என்னிடம் கேட்டான். அன்றிலிருந்து எனக்கு அவன் ‘அவர்’. ஊரில் அவருக்குப் ‘பேய் மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கூடை நேரத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது கூப்புடுகாடு இல்லை. தார் ரோடு வந்தது, மலைக்கு பஸ் வந்தது. பேய் எல்லாம் சும்மா என்று பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். பயம் போனதும் ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஆட்கள் வந்ததும் மரம் போனது. அந்த இடம் முழுக்க மரவள்ளி. அம்மாவும் போய்விட்டாள். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் கன்னடத்தில் எண்ண ஆள் இல்லை. அவளைச் சூனியக்காரி என்று சொன்னவர்களின் பேரன்கள் இன்று என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் அவருக்குக் கால் வலி அதிகமாகி அரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எலும்பு கோணலா சேர்ந்திருக்கு. எப்ப ஒடஞ்சதுங்க?”

“பையனா இருக்கறப்ப. மரத்துல இருந்து விழுந்துட்டேனுங்க.”

“விழுந்து ரொம்ப நேரம் கிடந்தீங்களா?”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

“கெடக்கவே இல்லீங்க டாக்டரம்மா. கூப்புட்ட ஒடனே வந்துட்டாங்க.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் குனிந்து, காட்டுவதற்காக மேலே ஏற்றியிருந்த அவர் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டேன்.