விலைபோகாத மேயர் வீட்டுப் படம்

மழை பெய்தால் அந்த வீட்டு நடையில் நனைந்த மரமும் தரை மெழுகும் கலந்து ஒரு வாசம் வரும்... அதற்கு மேலால் எங்கள் மீன்குழம்பு வாசம்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் நானும் மனைவி வசந்தியும் அங்கேதான் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். விக்டோரியா மகாராணி காலத்தில் ஊர் மேயர் கட்டிய மாளிகை. வீட்டுக்காரி மார்கரெட் அன்ரி, அவருடைய பேத்தி.

நடைச் சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியம். அதே வீடு, புதிதாக இருந்த காலத்தில். இரும்புப் பூவேலை போட்ட மாடி விறாந்தை, வாசலில் குதிரை வண்டி. மேல் ஜன்னல் ஒன்றைத் தொட்டு, "நான் பிறந்த அறை" என்பார் அன்ரி.

பிறகு வீடு விலைப்பட்டது. முதியோர் இல்லத்தில் அன்ரிக்கு ஒரு சின்ன அறை. சாமான் எல்லாவற்றையும் விற்கும்படி பிரிஸ்பேனில் இருந்த மகன் சொல்லிவிட்டார். நான் சந்தையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. "நீதானே வியாபாரி, நீயே பேசு" என்று அன்ரி என்னிடம் விட்டுவிட்டார்.

பழம்பொருள் வாங்குபவர் வந்தார். மேசை, அலுமாரி, கடிகாரம்... எல்லாவற்றையும் நல்ல விலைக்குத் தள்ளினேன். கடைசியாக அவர் படத்தை இறக்கினார்.

அன்ரி படத்தையே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்... துடைத்துக்கொண்டே இருந்தார்.

வசந்தி என்னைக் குசினிக்குள், அடுப்படிப் பக்கமாக, இழுத்தாள்.

"இஞ்சரப்பா, அதை வித்துப்போடாதேங்கோ."

"அவவே விக்கச் சொல்லிப்போட்டா. நான் என்ன செய்யிறது?"

"விலை பேசுறதில என்னை வெல்ல ஆளில்லை எண்டு பெரிசாக் கதைப்பியள். ஒரு பேரத்தைக் குழப்பத் தெரியாதோ?"

ஏன் தெரியாது?

வாய்க்கு வந்த விலையைச் சொன்னேன். மனிதர் கொஞ்சம் ஏறி வந்தார். நானும் ஏறினேன். அவர் இன்னும் ஏற, நான் இன்னும் ஏற... கடைசியில் "உனக்கு விசர்" என்கிற மாதிரி ஏதோ சொல்லி, படத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

"விலைபோகேல்லை அன்ரி" என்பதை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்ரி என் கையைப் பிடித்தார். "உன்னைப்போல மோசமான வியாபாரியை நான் கண்டதே இல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

அவருடைய புதிய அறையில், கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்து, இப்போது நாங்களும் எங்கள் கிளென் வேவர்லி வீட்டை விட்டுச் சின்ன யூனிட் வீடு ஒன்றுக்கு மாறுகிறோம். மகள் சாமான்களை ஃபோனில் படம் எடுத்து, விலையும் குறித்து, இணையத்தில் விற்பனைக்குப் போடுகிறாள். நேற்று வசந்தியின் தையல் மெஷின். வசந்தி அதன் மூடியைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் மெல்ல எழுந்து வருவதற்குள்...

"அப்பா, சோல்ட்!"

ஒரு பேச்சு இல்லை, பேரம் இல்லை. நான் எதைக் குழப்புவது?